கூட்டுரோடு தாண்டிய பிறகு கிழித்த சீட்டுகள்

அந்த வரைபடத்தை நம்பினால், அந்த ஊரிலிருந்து காலையில் ஒரு பெண்கூடத் திண்டிவனத்துக்குப் போகவில்லை. பேருந்துச் சீட்டு இயந்திரங்களில் பதிவானவற்றை நிறுத்தம் வாரியாகத் தொகுத்து, ஏறுவோர் மிகுந்த இடத்தில் பெரிய வட்டமும் குறைந்த இடத்தில் சிறிய வட்டமும் வருமாறு நாங்கள் அதை வரைந்திருந்தோம். ஊர்ச்சாலை பெரிய சாலையோடு சேரும் கூட்டுரோட்டில் பருத்த வட்டம் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஏரிக்கரையை ஒட்டி உள்ளே போகும் கோட்டின் முனையில், ஊர் இருக்கவேண்டிய இடத்தில், ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி.

அப்போது நான் விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மாடிப் பகுதியில் வாடகைக்கு இருந்தேன். சமூக ஆய்வு செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை. நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு யார், எங்கே, எதற்காகப் போகிறார்கள் என்று பார்ப்பது எங்களுக்குத் தரப்பட்ட பணி. பணியைக் கேட்ட போக்குவரத்துக் கழக அதிகாரிக்கு அதில் ஒரு நடைமுறைத் தேவையும் இருந்தது. ஆளில்லாமல் ஓடும் தடங்களைக் குறைத்தால் டீசல் மிச்சமாகும், புகை குறையும், மிச்சமானதைக் கூட்டம் பிதுங்கும் தடங்களுக்குத் திருப்பலாம். அவர் அனுப்பிய தாளின் தலைப்பில் நிலைத்த வளர்ச்சி என்ற சொற்கள் இருந்தன. அவர் அவற்றை அலங்காரத்துக்காகப் போட்டிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மிதிவண்டியில் அலுவலகம் வருகிற மனிதர்.

அவருடைய முன்வரைவில் அந்த ஊருக்கு ஒரே வரிதான். பேருந்து இனி உள்ளே போகாது, கூட்டுரோட்டிலேயே நின்று திரும்பும், ஊர்க்காரர்களுக்கு அது நடக்கக்கூடிய தூரம்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. வீடுவீடாகப் போய்ப் பேசிய நாட்களில் அந்த ஊரில் ஒருவரைச் சந்தித்திருந்தேன். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண். சிறு வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப்போனது. முழங்காலில் கையை ஊன்றி ஊன்றி நடப்பார். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், உடைத்துக் கொட்டிய வேர்க்கடலைப் பருப்பிலிருந்து சொத்தையையும் கல்லையும் பொறுக்கி எடுக்கும் வேலை. உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது.

"இன்னாத்துக்கு மேடம் இதெல்லாம் எழுதிக்கினு கீறீங்க?" என்று அன்று கேட்டார். "பஸ்ஸுல போறேன், பஸ்ஸுல வர்றேன். இதுல எழுத இன்னா கீது?"

"பஸ் இல்லன்னா எப்படிப் போவீங்க?"

"போவ மாட்டேன். வூட்ல குந்திக்கினு இருப்பேன். கழனி வேலைக்கு என்னை யாரு கூப்புடுவாங்க? களை எடுக்கக் குந்தினா, எழுப்பி வுட ரெண்டு ஆளு வேணும்."

வாசற்படியில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண் உடனே, "ரெண்டு ஆளு பத்தாதுக்கா, நாலு வேணும். சாப்புடுறது கொஞ்சமாவா சாப்புடுற?" என்றார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பதிலை எழுதிக்கொண்டேன். இந்த வேலையில் வேடிக்கையாகச் சொல்லப்படுவதைத்தான் அதிகக் கவனத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு வாய்த்த சில பழக்கங்களில் ஒன்று.

ஆக, அவர் அந்த ஊரிலிருந்து தினமும் பேருந்தில் போகிறார். தெருவில் நான் பேசிய இன்னும் பல பெண்களும் போகிறார்கள். இயந்திரமோ யாரும் போகவில்லை என்கிறது. பெண்கள் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. எங்கே பிசகுகிறது என்று பார்க்க, ஒரு திங்கட்கிழமை விடியலில் நான் அந்த ஊர் நிறுத்தத்தில் போய் நின்றேன்.

பேருந்து வந்தது. பெண்கள் பின்வாசலில் ஏறினார்கள். தூக்குச்சட்டி, சும்மாடு, ஒரு கோழிக்கூடை. முன்வாசலில் கல்லூரிப் பையன்களும், காய்கறி மூட்டையோடு ஆண்கள் சிலரும். நடத்துநர் பருத்த உடம்புக்காரர், ஐம்பதை நெருங்கியவர். சூம்பிய காலுக்குப் படி உயரம் என்பதால் அந்தப் பெண்ணின் பையை முதலில் வாங்கி உள்ளே வைத்தார். பிறகுதான் விசில் ஊதினார்.

"யம்மாங்களா, உங்குளுது அப்புறம். துட்டு டிக்கெட்டு மொதல்ல" என்று சொல்லியபடி முன்பக்கம் போனார்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. கூட்டுரோட்டில் சில நாட்கள் சோதனை அலுவலர்கள் ஏறுவார்கள். காசு கொடுக்கவேண்டிய ஒருவர் சீட்டில்லாமல் அகப்பட்டால் நடத்துநருக்குத்தான் தலைவலி. பெண்களின் சீட்டில் காசு இல்லை. அதனால் அவசரமும் இல்லை. அவர் முன்னாலிருந்து ஒவ்வொருவராகச் சில்லறை கொடுத்துச் சீட்டுக் கிழித்துக்கொண்டு பின்பக்கம் வந்து சேர்வதற்குள் பேருந்து ஏரிக்கரையை முடித்து, கூட்டுரோட்டில் புதுக்கூட்டத்தை ஏற்றிக்கொண்டு, பெரிய சாலையில் திரும்பியிருந்தது. வழக்கம்போல இயந்திரத்தில் நிறுத்தத்தை மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அவர் பெண்களிடம் வந்தார். எல்லாருக்கும் கட்டணமில்லாச் சீட்டு மளமளவென்று வந்தது. எல்லாவற்றிலும் ஏறிய இடம் கூட்டுரோடு என்றிருந்தது. என்னுடையதிலும்.

அந்த ஊரின் பெண்கள் எல்லாரும் தினமும் இப்படித்தான் கூட்டுரோட்டுக்காரர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு வாரங்களில் ஊர்களுக்குள் போய்த் திரும்பும் வேறு சில தடங்களிலும் போய்ப் பார்த்தேன். முகையூர்ப் பக்கம் ஒரு பேருந்திலும் இதே பழக்கம்தான். எங்கும் யாரும் எதையும் மறைக்கவில்லை. வேலையை எளிதாக்கிக்கொள்ள மனிதர்கள் கண்டுபிடித்த ஓர் ஒழுங்கு அது, அவ்வளவுதான்.

அந்த முதல் திங்கட்கிழமையே, திரும்பும் வண்டியில் நடத்துநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க ஏறினா இன்னா மேடம்? போற எடம் ஒண்ணுதானே."

"ஊருக்குள்ள யாரும் ஏறலைன்னு கணக்கு வருது. வண்டி இனிமே உள்ள போகாதுன்னு எழுதிக்கிட்டிருக்காங்க."

அவர் கைத்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இதுல என் பேரு வருமா?" என்றார். பிறகு, "எழுதிடாதீங்க மேடம். டிக்கெட்டு லேட்டுன்னு ஒரு மெமோ வந்தாப் போதும், என்னைத் தூக்கி செஞ்சி பக்கம் போட்டுடுவாங்க. பொண்ணு பன்னெண்டாவது படிச்சிக்கினு கீது. பேஜாரா பூடும்."

பேச வந்தவர்களிடம் நாங்கள் ஒரு வாக்குறுதி கொடுப்போம். நீங்கள் சொல்வதால் உங்களுக்குத் தீங்கு வராது என்று. பல்லாயிரம் முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். அன்று அந்த இருக்கையில் உட்கார்ந்தபோது அதன் எடை எனக்குத் தெரிந்தது. உண்மையை உள்ளபடி எழுதினால் பேருந்து ஊருக்குத் தங்கும், நடத்துநர் போவார். எழுதாவிட்டால் அவர் தங்குவார், பேருந்து போகும். பேருந்து போனால் அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

அதிகாரியின் அறைக்கு நான் கொண்டுபோனது பொதுவான இரண்டு பத்திகள். உள்ளூர்த் தடங்களில் கட்டணமில்லாச் சீட்டுகள் பெரும்பாலும் அடுத்த நிறுத்தம் தாண்டிய பிறகே தரப்படுகின்றன, ஆகவே நிறுத்தம் வாரியான எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"புரியுது மேடம். எந்த ரூட்டு?"

"தனியாச் சொல்ல முடியாது சார். ஆளு அடையாளம் தெரிஞ்சிடும். பேசினவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"எல்லா ரூட்லயும் கணக்கு தப்புன்னா நான் எதையுமே மாத்த முடியாது. எதுலயும் தப்பில்லன்னா எல்லாத்தையும் மாத்தலாம். நடுவுல நின்னுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க? ஃபைல்ல என்ன எழுதட்டும், மேடம் ஒருத்தங்க சொன்னாங்கன்னா?"

அவர் சிரித்தபடிதான் சொன்னார். ஆய்வாளர்கள் கூடும் இடங்களில், அரசு எங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று அலுத்துக்கொள்வது எங்களுக்குப் பழக்கம். இந்த மனிதர் கேட்டார். கேட்டதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட அவருக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது, அதை என்னால் கொடுக்க முடியவில்லை. புறப்படும்போது, "இந்த மாசக் கணக்கு வர்ற வரைக்கும் ரூட்டு குறைக்கிற பட்டியலைத் தள்ளி வைக்கிறேன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்பது முறையாகாது.

மறுநாள் மதியம் மண்டிக்குப் போனேன். தகரக் கொட்டகையின் நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முறங்களில் பொறுக்கிய பருப்பு ஒருபுறம், சொத்தை ஒருபுறம். கொட்டகை முழுவதும் மல்லாட்டைத் தோலின் தூசி மணம். அவர்களிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வண்டி இனி ஊருக்குள் வராமல் போகலாம், ஏன் அப்படி, நான் எதை எழுதினேன், எதை எழுதவில்லை, எல்லாவற்றையும். படித்தவர்களுக்குச் சொல்லும்போது நான் பயன்படுத்தும் சொற்களில் பாதி அன்று தேவைப்படவில்லை.

இளம்பெண் ஒருத்தி முந்திக்கொண்டாள். "எழுதிக் குடுத்துடுங்க மேடம். நமக்கு பஸ் முக்கியமா, அந்தக் கண்டக்டரு முக்கியமா?"

"ஏண்டி, அவரு பூட்டா வேற எவன் வருவான்னு தெரியுமா ஒனக்கு?" என்றார் எதிரே இருந்தவர். "அவரு லீவு போட்ட அன்னிக்கு வந்தானே ஒருத்தன், கையக் காட்டக் காட்ட நிக்காம போனான். மறந்துட்டியா?"

"அவன் நிக்காததுக்கு நீ கொடுத்த சாபத்துல, அந்த வண்டி டயரு வெடிச்சிருக்கணும்."

"வெடிச்சிதே! மயிலம் தாண்டி வெடிச்சிதாமே!"

"அது ஒன் சாபமா? ரோடு அப்படி."

சிரிப்பு அடங்கியது. கால் சூம்பிய அந்தப் பெண் மட்டும் அதில் சேரவில்லை. எலுமிச்சை ஊறுகாயைச் சோற்றின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "டிக்கெட்ட நாமளே முன்னாடி கேட்டு வாங்கினா?" என்றார்.

"கூட்டத்துல எங்கக்கா குடுப்பாரு? அவரு முன்னாடி பூடுவாரு."

"கூட்டுரோட்டுக்கு முன்னாடி, தென்னந்தோப்பாண்ட ஓரம் கட்டச் சொல்லுவோம். எல்லாருக்கும் கிழிச்சுட்டு எடுக்கட்டும்."

"லேட்டாவுமே?"

"ஆவும்" என்றார் அவர். தாமதம் யாருக்கு அதிகம் வலிக்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். பேருந்து நிலையத்திலிருந்து மண்டி வரை அவரால்தான் வேகமாக நடக்க முடியாது.

ஆய்வு செய்பவர் தான் அளக்கும் பொருளைத் தொடக்கூடாது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள், நானும் பிறருக்குக் கற்பித்திருக்கிறேன். அன்று மாலை ரயிலடி மாடியில் உட்கார்ந்து அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். ஏறாதவர்களை ஏறியதாகக் காட்டினால் அது பொய். ஏறுகிறவர்களை ஏறிய இடத்திலேயே பதியச் சொல்வதில் பொய் எங்கே இருக்கிறது? இருந்தாலும் அதிகாரி கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவு என்னைத் தூங்க விட்டது.

அடுத்த திங்களன்று நானும் வண்டியில் இருந்தேன். தென்னந்தோப்பை நெருங்கியதும் பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "கண்டக்டரண்ணா, எங்க டிக்கெட்டு!" நடத்துநர் என்னை ஒருமுறை பார்த்தார், பெண்களை ஒருமுறை பார்த்தார், விசில் ஊதினார். வண்டி ஓரம் கட்டியது. அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

முன்னாலிருந்து ஓர் இளைஞன் கத்தினான். "இன்னா பெரிசு, ஓசி டிக்கெட்டுக்கு வண்டிய நிறுத்துறியா? ஜல்தி எடுப்பா!"

"ஓசியா?" என்றார் அந்தப் பெண், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "உங்கம்மா கூட இதுலதாண்டா சந்தைக்குப் போவுது. சாயந்திரம் வூட்டுக்குப் போயி அதுங்கிட்ட சொல்லு, ஓசின்னு. சோறு போடுதான்னு பாப்போம்."

பேருந்து முழுக்கச் சிரித்தது. அந்த இளைஞனும் வாயை மூடிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

ஆனால் அது ஒரு நாளின் வெற்றி. எல்லா நாட்களும் அப்படி இல்லை. மழை பெய்த ஒரு காலையில் ஓட்டுநர் நிறுத்த மறுத்துவிட்டார். நடத்துநர் விடுப்பில் போன நாட்களில் வந்தவருக்கு இதெல்லாம் புரியவில்லை, அன்றைக்குப் பெண்கள் மறுபடியும் கூட்டுரோட்டுக்காரர்கள் ஆனார்கள். மண்டி மேற்பார்வையாளர் இரண்டு நாள் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் முறை அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, "இன்னொரு தபா லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் பூடு" என்று சொன்னாராம். எந்த வேலையைக் காப்பாற்ற அவர் பேருந்தை நிறுத்தினாரோ, அந்த நிறுத்தமே அவருடைய வேலையை அசைத்துப் பார்த்தது. அதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஓட்டுநர்தான் ஒரு வழி செய்தார். நடத்துநர் பேசியிருக்க வேண்டும். ஊரில் வண்டி திரும்பியதும் தேநீருக்கு நிற்பதை இருவரும் விட்டுவிட்டார்கள், நடத்துநர் உடனே கதவோரம் வந்து நின்றார். பெண்கள் ஏற ஏற, வண்டி நிற்கும்போதே சீட்டு கிழிந்தது. தென்னந்தோப்பில் நிற்கவேண்டிய நேரம் குறைந்தது. தன்னால் தாமதம் ஆகக்கூடாது என்று அந்தப் பெண் மட்டும் இருட்டு பிரியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்துகொண்டிருந்தார். தேநீரை இழந்ததைப் பற்றி நடத்துநர் தினமும் குறைபட்டுக்கொண்டார். "உங்களால என் பித்தம் ஏறுது யம்மாங்களா" என்பார். யாரோ ஒருவர் போத்தலில் வரக்காப்பி கொண்டுவரத் தொடங்கிய பிறகும் அந்தக் குறை நிற்கவில்லை, காப்பியில் சர்க்கரை போதாது என்று மாறியது.

மாதம் முடிந்து கணக்கு வந்த மறுநாள் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன மேடம், ஒரே மாசத்துல பட்டியல்ல இருந்த ஏரிக்கரை ஊரு ஒண்ணு முளைச்சு வந்திருக்கு?"

"முளைக்கலை சார். அங்கேயேதான் இருந்துச்சு. கூட்டுரோடு தாண்டறதுக்குள்ள டிக்கெட் வேணும்னு இப்ப அவங்க கேட்டு வாங்கறாங்க."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஏன் கணக்குல வரலைன்னு சொன்னேன். மத்தது அவங்க முடிவு."

மறுமுனையில், மேசையில் எதையோ புரட்டும் ஓசை. "கூட்டுரோட்டு எண்ணிக்கை அதே அளவு கொறஞ்சிருக்கு. அப்ப மொத்தத்துல புதுசா யாரும் வரலை, எடம்தான் மாறியிருக்கு. சரியா?" என்றார். அதை அவரே பார்த்துவிட்டதில் எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்ல முடியாது. என் இரண்டு பத்திகள் செய்யாததை அந்தக் கழித்தல் செய்தது. "ஆளு பேரு வேணாம். மத்த ரூட்லயும் டிக்கெட்ட அடுத்த ஸ்டாப்புக்கு முன்னாடி குடுக்கணும்னு ஒரு அறிவிப்பு அனுப்பிட்டு, மூணு மாசம் கழிச்சு எல்லாத்தையும் திரும்பப் பாக்கறேன். அது வரைக்கும் அந்த வண்டி உள்ள போவட்டும்."

மாலை வண்டியில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் மகிழ்ச்சி காட்டவில்லை. முந்தானையில் ஒட்டியிருந்த மல்லாட்டைத் தோலை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வழியே போட்டார்.

"மூணு மாசம் கழிச்சு இன்னா பாப்பாங்க?"

"எத்தனை பேர் ஏறுறாங்கன்னு."

"இப்ப ஏறுறவங்க போதுமா?"

"தெரியலை" என்றேன். அது உண்மை. போதுமான எண்ணிக்கை எது என்று யாரும் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் டீசல் விலையோடு சேர்ந்து அது நகரும்.

ஊர் வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வீட்டுக்குப் போகும் சந்தில் திரும்பாமல், எதிர்த் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த வீட்டு மருமகளுக்குத் திண்டிவனத்தில் தையல் வகுப்புக்குப் போக ஆசை என்றும், மாமியார் விடவில்லை என்றும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் கடைசி வண்டிக்காகக் காத்து நின்ற இடத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"அனுப்பு அத்த. நான் கூட்டிக்கினு போறேன், நான் கூட்டிக்கினு வர்றேன். வூட்ல வச்சிக்கினு இன்னா பண்ணப் போற, அழகு பாக்கப் போறியா?"

மாமியார் ஏதோ சொன்னார். நீண்ட நேரம் பேசினார்கள். என் வண்டி வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, இறுதி அறிக்கைக்குமுன் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று அதே காலை வண்டியில் ஏறினேன். வழக்கமாகத் தன் பக்கத்தில் எனக்குப் பையைப் போட்டு இடம் பிடித்து வைக்கும் அந்தப் பெண், அன்று அந்த இடத்தில் எதிர்த் தெரு வீட்டு மருமகளை உட்காரவைத்திருந்தார். மடியில் புத்தம் புதிய துணிப்பை, அதில் நீட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல்.

"நில்லுங்க மேடம், உங்களுக்கு இன்னா, ரெண்டு காலும் நல்லாத்தானே கீது" என்றார் என்னைப் பார்த்து. பிறகு மருமகளின் முழங்கையை இடித்து, "கைய நீட்டுடி, கண்டக்டரு வர்றாரு" என்றார்.